கன்ட்ரி இசைக்குள் நுழைய எந்த ஆல்பம்? பான் ஜோவி, ஈகிள்ஸ், பேர்ட்ஸ்: ஓர் ஒப்பீடு

ராக் இசையில் ஊறிப்போன பலருக்கு, அமெரிக்காவின் தெற்கத்தியக் கிராமப்புறங்களில் வேர்விட்ட கன்ட்ரி இசை என்றதும் ஒரு தயக்கம் வருகிறது. மூக்கால் பாடும் குரல், பிடில், தொப்பி, லாரி, மதுக்கடை என்று அந்த இசையைப் பற்றி முன்கூட்டியே பதிந்துவிட்ட ஒரு சித்திரம் அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது. அந்தத் தயக்கத்தைக் கடக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே பெயர் பெற்ற ஒரு ராக் குழு, தன் பயணத்தின் நடுவிலோ பிற்பகுதியிலோ கன்ட்ரியை நோக்கித் திரும்பிப் பதிவு செய்த ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பழகிய குரலின் துணையோடு புதிய இசைக்குள் நுழைவதுதான் அது. அப்படிப்பட்ட ஆல்பங்கள் பல இருப்பினும், ஒருவர் முதலில் எதைக் கேட்பது என்று கேட்டால் மூன்று பெயர்களே என் நினைவுக்கு வருகின்றன: பான் ஜோவி குழு 2007 ஜூனில் வெளியிட்ட 'லாஸ்ட் ஹைவே', ஈகிள்ஸ் குழு அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளியிட்ட 'லாங் ரோட் அவுட் ஆஃப் ஈடன்', பேர்ட்ஸ் குழு 1968 ஆகஸ்டில் வெளியிட்ட 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ'.

மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றால், விற்பனையோ விருதோ அதற்கு உதவாது. கன்ட்ரி இசை அந்தக் குழுவை எவ்வளவு தூரம் மாற்றியது என்பதையே நான் பார்க்கிறேன். பாடல் எழுதும் முறை, பாடும் முறை, கருவிகளுக்குத் தரப்படும் இடம் ஆகிய மூன்றிலும் மாற்றம் நிகழ்ந்ததா, அல்லது பழைய பாட்டின் மேல் ஒரு பிடில் மட்டும் ஒட்டவைக்கப்பட்டதா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான், அந்த ஆல்பம் கேட்பவரை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதையும் முடிவு செய்கிறது.

முதலில் பான் ஜோவி. நியூ ஜெர்சியில் 1983இல் உருவான இந்தக் குழுவுக்குக் கன்ட்ரி முற்றிலும் அந்நியம் அல்ல. 1986இல் வந்த 'வான்டட் டெட் ஆர் அலைவ்' பாடலிலேயே குதிரை வீரனின் தனிமை அவர்களுடைய கற்பனைக்குள் வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பாட்டில் இருந்தது திரைப்படங்களில் பார்த்த மேற்குதானே தவிர, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்தின் இசை அல்ல. நாஷ்விலோடு உண்மையான உறவு ஏற்பட்டது 2005ஆம் ஆண்டின் 'ஹேவ் எ நைஸ் டே' ஆல்பத்துக்குப் பிறகுதான். அதிலிருந்த 'ஹூ சேஸ் யூ கான்ட் கோ ஹோம்' பாடலை சுகர்லேண்ட் என்ற கன்ட்ரிக் குழுவின் ஜெனிஃபர் நெட்டில்ஸுடன் சேர்ந்து பாடிய பதிப்பு, 2006இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. கிராமி விருதும் பெற்றது. ராக் குழு ஒன்று அந்தப் பட்டியலின் உச்சிக்கு வந்தது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அந்த வெற்றியின் தொடர்ச்சியாகவே 'லாஸ்ட் ஹைவே' உருவானது.

இதன் தயாரிப்பாளர்கள் இருவர். ஜான் ஷாங்க்ஸ் முந்தைய ஆல்பத்திலும் அவர்களோடு பணியாற்றியவர்; டான் ஹஃப் நாஷ்விலில் கீத் அர்பன், ராஸ்கல் ஃபிளாட்ஸ் போன்றோரின் பதிவுகளால் பெயர் பெற்றவர். ஹிலாரி லிண்ட்சே, கோர்டி சாம்ப்சன் போன்ற நாஷ்வில் பாடலாசிரியர்கள் குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவி, கிட்டார் கலைஞர் ரிச்சி சாம்போரா ஆகியோருடன் உட்கார்ந்து பாடல்களை எழுதினார்கள். நாஷ்விலில் பாடல் எழுதுவது காலையில் வேலைக்குப் போவதைப் போன்ற ஒழுங்குடன் நடக்கும் தொழில். நேரம் குறித்து இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் கூடி, அன்றைக்குள் ஒரு பாட்டை முடித்து எழுந்திருப்பார்கள். அந்த ஒழுங்கு இந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களிலும் தெரிகிறது. ஒரு பாடல்கூடச் சிந்திச் சிதறவில்லை. பல்லவி வர வேண்டிய இடத்தில் தவறாமல் வந்துவிடுகிறது.

நல்ல பாடல்கள் இதில் உண்டு. சாம்போராவின் மணமுறிவும் அவருடைய தந்தையின் மறைவும் அந்தக் குழுவைச் சூழ்ந்திருந்த காலம் அது. 'ஹோல் லாட் ஆஃப் லீவின்', 'எவ்ரிபடிஸ் புரோக்கன்' ஆகிய பாடல்களில் அந்த நிழல் விழுந்திருக்கிறது. 'சீட் நெக்ஸ்ட் டு யூ' பாடலில் ஜானின் குரல் வழக்கமான உயரத்தை விட்டு இறங்கி, அருகிலிருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத் தணிகிறது. இந்த ஆல்பத்தில் கன்ட்ரிக்கு மிக நெருங்கி வருவது அந்தப் பாடல்தான் என்பேன். மறுபுறம், பிக் அண்ட் ரிச் என்ற கன்ட்ரி இணையரை விருந்தினராக அழைத்துப் பதிவு செய்த 'வீ காட் இட் கோயிங் ஆன்' பாடலைக் கேட்டால், ஆல்பத்திலேயே கன்ட்ரியின் சாயல் மிகக் குறைவாக இருப்பது அதில்தான் என்று தோன்றும். அது முழுக்க முழுக்க விளையாட்டரங்கத்தில் கைதட்ட வைப்பதற்கான ராக் பாடல். விருந்தினரின் பெயர் கன்ட்ரி, பாட்டு பான் ஜோவி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இது கன்ட்ரி ஆல்பம் அல்ல, நாஷ்விலின் தாக்கம் பெற்ற பான் ஜோவி ஆல்பம் என்று ஜான் பான் ஜோவியே வெளியீட்டுக் காலத்தில் விளக்கியிருந்தார். அந்த விளக்கம் நேர்மையானது. முதல் வாரத்தில் ஏறத்தாழ 2,90,000 பிரதிகள் விற்று, 1988ஆம் ஆண்டின் 'நியூ ஜெர்சி'க்குப் பிறகு முதன்முறையாக அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை அவர்களுக்கு வாங்கித் தந்த ஆல்பம் இது. ஏற்கெனவே அவர்களை விரும்புகிறவருக்கு இதில் ஏமாற்றம் இராது. ஆனால் கன்ட்ரிக்குள் நுழைய விரும்பி இதைத் தேர்ந்தெடுப்பவர், ஐம்பது நிமிடம் கேட்டு முடித்த பின்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். பெடல் ஸ்டீல் என்ற கிட்டார் வகைக் கருவியும் பிடிலும் ஒலிக்கின்றன என்றாலும், அவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு மின்கிட்டாரை வைத்தாலும் பெரும்பாலான பாடல்கள் குலையாமல் அப்படியே நிற்கும்.

ஈகிள்ஸின் நிலைமை வேறு. அவர்கள் கன்ட்ரியை நோக்கிப் போகவில்லை, அங்கிருந்து கிளம்பியவர்கள். 1971இல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் பின்னணிக் கலைஞர்களாகச் சந்தித்தவர்களே குழுவாக ஆனார்கள். தொடக்க உறுப்பினரான பெர்னி லெடன் பாஞ்சோவும் பெடல் ஸ்டீலும் வாசிப்பவர். 1975ஆம் ஆண்டின் 'லையின் ஐஸ்' கன்ட்ரிப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அதன் பிறகு லெடன் விலக, ஜோ வால்ஷ் சேர, குழு கனமான ராக் ஒலியை நோக்கி நகர்ந்தது. 1979ஆம் ஆண்டின் 'தி லாங் ரன்' ஆல்பத்துக்குப் பிறகு பிரிந்தும் போனது. அவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்ததிலும் கன்ட்ரிக்குப் பங்கு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1993இல் கன்ட்ரிப் பாடகர்கள் பலர் கூடி ஈகிள்ஸ் பாடல்களைப் பாடிய 'காமன் திரெட்' தொகுப்பு வந்தது. அதில் டிராவிஸ் டிரிட் பாடிய 'டேக் இட் ஈஸி' பாடலின் காணொளியில் நடிப்பதற்காகப் பழைய உறுப்பினர்கள் ஒரே இடத்தில் கூடினார்கள். அடுத்த ஆண்டே குழு மறுபடி மேடை ஏறியது.

அப்படி மேடை ஏறியும், முழுமையான புதிய ஸ்டுடியோ ஆல்பம் ஒன்று வெளிவர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'தி லாங் ரன்'னிலிருந்து எண்ணினால் 28 ஆண்டுகள். இரண்டு தட்டுகளில் 20 பாடல்கள் கொண்ட 'லாங் ரோட் அவுட் ஆஃப் ஈடன்' வந்தபோது, வட அமெரிக்காவில் அது வால்மார்ட் குழுமக் கடைகளிலும் அவர்களுடைய சொந்த இணையத்தளத்திலும் மட்டுமே கிடைத்தது. ஒரே நிறுவனத்தில் விற்கப்படும் ஆல்பங்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்ற தன் விதியை அந்த வாரத்தில் பில்போர்டு மாற்றிக்கொள்ள, 7,11,000 பிரதிகள் விற்ற இந்த ஆல்பம் நேராக முதலிடத்துக்கு வந்தது.

வணிகக் கதையை இத்தோடு விட்டுவிட்டு முதல் தட்டை ஓடவிடலாம். தொடக்கத்தில் இசைக்கருவிகளின் ஆரவாரம் எதுவும் இல்லை. ஜான் ஹாலண்டர் எழுதிய, காடழிந்துபோனதைப் பற்றிய கவிதையை நான்கு குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. டான் ஹென்லி, கிளென் ஃப்ரை, ஜோ வால்ஷ், டிமத்தி ஷ்மிட் ஆகிய நால்வரும் அறுபதை நெருங்கிவிட்ட அந்த வேளையிலும், குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் விதத்தில் எந்தத் தளர்ச்சியும் தெரியவில்லை. குரல்களை இப்படி அடுக்கும் முறை, கன்ட்ரிக்கும் அதன் கிளையான புளூகிராஸுக்கும் அடித்தளமான சகோதரப் பாடகர்களின் மரபிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் வந்தது. கேட்பவர் கன்ட்ரியின் முதல் பாடத்தை, அது பாடம் என்றே தெரியாமல், இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

அடுத்து வருவது 'ஹவ் லாங்'. இதை எழுதிய ஜே. டி. சவுதர் 1972ஆம் ஆண்டின் தம் முதல் ஆல்பத்தில் இதைப் பாடியிருந்தார். ஃப்ரையும் சவுதரும் ஈகிள்ஸுக்கு முன்பு லாங்பிராஞ்ச் பென்னிவிசில் என்ற பெயரில் இணையராகப் பாடியவர்கள். எழுபதுகளில் ஈகிள்ஸ் மேடையில் பாடிய, ஆனால் அன்று ஆல்பத்தில் இடம்பெறாத பாட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. துள்ளலான தாளம், நறுக்கென்று விழும் மின்கிட்டார், பல்லவியில் கூடும் குரல்கள் ஆகியவற்றைக் கேட்டால் 1972 என்றே தோன்றும். 2007 நவம்பரில் நாஷ்விலில் நடந்த கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா மேடையில் அவர்கள் பாடியதும் இதைத்தான். கன்ட்ரிப் பிரிவில் கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது. 'பிசி பீயிங் ஃபேபுலஸ்' பாடலும் கன்ட்ரி வானொலிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் தட்டில் நான் அதிகம் மதிப்பது 'வெயிட்டிங் இன் த வீட்ஸ்' பாடலை. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் அதில், தன்னை விட்டுப் போனவளின் காலம் மாறும்வரை களைகளுக்கு நடுவே காத்திருக்கும் ஒருவனின் மனநிலையை ஹென்லி எந்த அவசரமும் இல்லாமல் சொல்கிறார். தோற்றவன் தன் தோல்வியை மறைக்காமல் பாடுவது கன்ட்ரியின் இதயம். அந்த இதயம் இங்கே துடிக்கிறது.

இரண்டாம் தட்டில் நிலைமை மாறுகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் தலைப்புப் பாடல், பாலைவனப் போர்க்களத்தில் நிற்கும் ஒரு வீரனின் பார்வையிலிருந்து ஈராக் போர்க்கால அமெரிக்காவை விமர்சிக்கிறது; வலுவான பாடல், ஆனால் கன்ட்ரியோடு அதற்குத் தொடர்பு குறைவு. தொடர்ந்து வரும் பாடல்கள் சிலவற்றில் அறிவுரையின் குரல் ஓங்குகிறது. ஒன்றரை மணி நேரம் என்பது இந்த ஆல்பத்தின் சுமை. ஒரே தட்டாகச் சுருக்கியிருந்தால், எழுபதுகளின் அவர்களுடைய சிறந்த ஆல்பங்களுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

மூன்றாவது தேர்வு இவ்விரண்டுக்கும் மூதாதை. பேர்ட்ஸ் குழு 1965இல் இரண்டு பாடல்களால் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டது. 1968 தொடங்கும்போது அதன் மூல உறுப்பினர்களில் ரோஜர் மெக்வின், கிறிஸ் ஹில்மன் இருவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். வயதில் அவர்கள் இளைஞர்கள்தான் என்றாலும், ஐந்து ஆல்பங்களையும் பல பிளவுகளையும் கண்டு முடித்த குழு அது. அமெரிக்க இசையின் வரலாற்றையே, பழைய நாட்டார் பாடல் முதல் மின்னணு இசை வரை, ஓர் இரட்டை ஆல்பமாகச் செய்ய வேண்டும் என்பது மெக்வினின் திட்டம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் குழுவில் சேர்ந்த கிராம் பார்சன்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் அந்தத் திட்டத்தையே கன்ட்ரியின் பக்கம் திருப்பிவிட்டார். புளூகிராஸில் வளர்ந்த ஹில்மன் அவருக்குத் துணை நின்றார்.

மார்ச் மாதம் நாஷ்விலில் உள்ள கொலம்பியா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பெடல் ஸ்டீல் என்பது கால்மேல் கிடத்தாமல் தாங்கியின் மீது வைத்து வாசிக்கும் கருவி. இடது கை உலோகத் தண்டொன்றைத் தந்திகளின் மேல் நகர்த்த, பாதங்களும் முழங்கால்களும் மிதிகளையும் நெம்புகோல்களையும் அழுத்தித் தந்திகளின் சுருதியை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே உயர்த்தும், தாழ்த்தும். அந்தக் கருவியில் தேர்ந்த லாய்ட் கிரீன், பாட்டில் எந்தெந்த இடத்தில் தாம் வாசிக்க வேண்டும் என்று நாஷ்வில் வழக்கப்படி கேட்டபோது, எல்லா இடத்திலும் என்று அவர்கள் பதில் சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடகருக்கு இடம்விட்டு, இடைவெளியில் மட்டும் வாசித்துப் பழகிய கலைஞருக்கு அது ஒரு விடுதலை. ஆல்பத்தின் முதல் பாடலான, பாப் டிலனின் 'யூ ஏன்ட் கோயிங் நோவேர்' பாடலில் மனிதக் குரலுக்கு முன்பே அந்த ஸ்டீலின் குரல் நம்மை அழைக்கிறது. பாடகர் வந்த பின்னும் அது ஓயாமல் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை நீக்கினால் அந்தப் பதிவே இல்லை. 'லாஸ்ட் ஹைவே'க்கும் இதற்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு கருவியை வைத்தே அளந்துவிடலாம்.

பாப் புக்கானனோடு சேர்ந்து எழுதி, பார்சன்ஸ் பாடிய 'ஹிக்கரி விண்ட்' இந்த ஆல்பத்தின் உச்சம். மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் நடை. தென் கரோலினாவின் பைன் மரங்கள், சிறுவயதில் ஏறிய ஓக் மரம், இன்று வாழும் பெருநகரத்தின் தனிமை என்று மிகக் குறைந்த சொற்களில் ஒரு வாழ்க்கை. குரலில் லேசான நடுக்கம் உண்டு. அதை யாரும் சரிசெய்யவில்லை, நல்லவேளை. அந்த மார்ச்சிலேயே, கன்ட்ரியின் தலைமை மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில், ரைமன் அரங்கத்தில், நீண்ட முடி வைத்த இந்த ராக் குழு பாட ஏறியது. அரங்கத்தினர் அவர்களை வரவேற்கவில்லை. அறிவித்திருந்த, கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகார்டின் பாடலை விட்டுவிட்டு, தம் பாட்டிக்குச் சமர்ப்பணமாக பார்சன்ஸ் 'ஹிக்கரி விண்ட்' பாடியது ஆப்ரி நிர்வாகத்தையும் கோபப்படுத்தியது. ராக் ரசிகர்களும் ஆல்பத்தை ஏற்கவில்லை. அமெரிக்கப் பட்டியலில் 77ஆம் இடத்தைத் தாண்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் கைவிட்ட அந்த ஆல்பத்திலிருந்துதான் ஒரு பரம்பரையே கிளைத்தது. பார்சன்ஸும் ஹில்மனும் அடுத்து உருவாக்கிய ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவில் வாசித்த பெர்னி லெடன்தான் பிறகு ஈகிள்ஸில் சேர்ந்தார். 2007இல் பான் ஜோவியை நாஷ்வில் வாரி அணைத்துக்கொண்டதைப் படிக்கும்போதெல்லாம், 1968இல் அந்த ரைமன் மேடையில் நின்றவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குறைகளும் உண்டு. வேறொரு நிறுவனத்தோடு பார்சன்ஸுக்கு இருந்த ஒப்பந்தச் சிக்கலால், அவர் பாடிய மூன்று பாடல்களில் அவருடைய குரலை எடுத்துவிட்டு, இரண்டில் மெக்வினும் ஒன்றில் மெக்வினும் ஹில்மனும் சேர்ந்தும் பாடினார்கள். கன்ட்ரி இணையரான லூவின் சகோதரர்களின் 'தி கிறிஸ்டியன் லைஃப்' பாடலில் மெக்வின் வரவழைத்துக்கொண்ட தெற்கத்திய உச்சரிப்பு, நம்பிக்கையா நடிப்பா என்று தெரியாமல் இடறுகிறது. இப்படிப்பட்ட பக்திப் பாடலும் சிறைப் பாடலும் நாட்டார் பாடலும் அடுத்தடுத்து வருவது, கன்ட்ரியை முதன்முறையாகக் கேட்பவருக்குக் கடினமாக இருக்கலாம். ஆனால் ஆல்பம் முழுவதும் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இனி முடிவுக்கு வருவோம். பான் ஜோவியின் எண்பதுகளின் பாடல்களோடு வளர்ந்தவர், அந்தக் குரல் முதிர்ந்து தணிவதைக் கேட்க விரும்பினால், தயங்காமல் 'லாஸ்ட் ஹைவே'யை எடுக்கலாம். அதைக் கன்ட்ரிக்கான வழியாக நம்பி எடுக்க வேண்டாம். ராக் கேட்டுப் பழகிய பொதுவான கேட்பாளருக்கு என் பரிந்துரை ஈகிள்ஸ், அதிலும் முதல் தட்டு மட்டும். குரல்களின் அடுக்கும், கதை சொல்லும் பொறுமையும், கிட்டாரின் கட்டுப்பாடும் கன்ட்ரியின் இலக்கணத்தைச் செவிக்குப் பழக்கிவிடும். எதுவும் அந்நியமாக உறுத்தாது. இரண்டாம் தட்டைப் பின்னால் ஓய்வாகக் கேட்டுக்கொள்ளலாம். பழகிய பாதையே வேண்டாம், நேராக உள்ளே போக வேண்டும் என்ற துணிவுள்ளவர் ஈகிள்ஸையும் தாண்டி 1968க்கே போய்விடலாம். மூன்றில் எதைக் காலமெல்லாம் வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் நான் கைகாட்டுவதும் அதையே. முதல் கேட்பில் பிடிபடாவிட்டாலும் 'ஹிக்கரி விண்ட்', 'ஒன் ஹன்ட்ரட் இயர்ஸ் ஃப்ரம் நவ்' ஆகிய இரண்டை மட்டும் சில நாள் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

பேர்ட்ஸைத் தேர்ந்தெடுப்பவர் எந்தப் பதிப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். 2003இல் வெளிவந்த இரட்டைத் தட்டு லெகசி பதிப்பில், நீக்கப்பட்ட பார்சன்ஸின் குரல் பதிவுகளும் ஒத்திகைப் பதிவுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. மூல ஆல்பத்தின் பதினொரு பாடல்களை முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் 'தி கிறிஸ்டியன் லைஃப்', 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்' ஆகியவற்றை பார்சன்ஸின் குரலில் கேளுங்கள். மெக்வின் பாடியபோது இடறிய அதே வரிகள் அவர் வாயில் நெருடலின்றி வருவதைக் காணலாம்.